டப்பாவைத் திருப்புங்கள்!

உங்கள் வீட்டுக் குளியலறை அலமாரியை ஒரு தடவை கணக்கெடுத்துப் பாருங்கள். தலைக்கு ஒன்று. முகத்துக்கு ஒன்று. உடம்புக்கு ஒன்று. கைக்கு ஒன்று. குழந்தை இருக்கிற வீடென்றால் அதற்குத் தனியாக இரண்டு. ஒரு சோப்புக் கட்டியும் ஒரு சீயக்காய் டப்பாவும் தாத்தா காலத்தில் செய்துகொண்டிருந்த வேலையை இன்றைக்கு அரை டஜன் பாட்டில்கள் பங்கு போட்டுக்கொண்டு செய்கின்றன.

சரி, இப்போது ஒரு சின்ன வேலை. ஷாம்பு பாட்டிலைக் கையில் எடுங்கள். பக்கத்திலேயே இருக்கும் பாடி வாஷ் பாட்டிலையும் எடுங்கள். முன்பக்கத்தைப் பார்க்கவேண்டாம். அங்கே ஒரு நடிகை கூந்தலை வீசிக்கொண்டிருப்பார். இல்லையென்றால் தேங்காய், தேன், கற்றாழை என்று ஏதாவது பளபளத்துக்கொண்டிருக்கும். அப்படியே திருப்பி முதுகுப் பக்கம் பாருங்கள். எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும்.

பெரும்பாலான பாட்டில்களில் அந்தப் பட்டியலின் ஆரம்பத்தில் இந்த நால்வரைப் பார்க்கலாம். தண்ணீர். சோடியம் லாரத் சல்ஃபேட். கோகாமிடோப்ரொபைல் பீட்டெய்ன். சோடியம் குளோரைடு, அதாவது நம் சமையலறை உப்பு. தலைக்குப் போடுகிற பாட்டிலிலும் இவர்கள்தான். உடம்புக்குப் போடுகிற பாட்டிலிலும் இவர்கள்தான். கை கழுவும் திரவத்தைத் திருப்பினால் அங்கேயும் இவர்களே உட்கார்ந்திருப்பார்கள்.

சோப்புக் கட்டியின் உறையைப் பாருங்கள். சோடியம் பாமேட், சோடியம் பாம் கெர்னலேட் என்று போட்டிருக்கும். இது வேறு குடும்பம்.

ஆக, அலமாரியில் அரை டஜன் டப்பாக்கள் இருந்தாலும் உள்ளே இருப்பவை முக்கியமாக இரண்டே குடும்பங்கள். இந்த இரண்டும் எங்கிருந்து வந்தன? தலையும் உடம்பும் எப்போது பாகப்பிரிவினை செய்துகொண்டன? அந்தக் கதையில் ஒரு பிரெஞ்சு டாக்டரின் தற்கொலை இருக்கிறது. ஒரு உலகப் போர் இருக்கிறது. 36 குழந்தைகளின் மரணம் இருக்கிறது. நம்ம கடலூர் பாக்கெட்டும் இருக்கிறது.

பி.காம். படித்தவனுக்குக் கெமிஸ்ட்ரியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஐந்தொகை படிக்கத் தெரிந்தவனுக்கு இந்தப் பட்டியலைப் படிப்பது பெரிய வித்தை இல்லை. பெரிய தொகை எங்கே, சில்லறை எங்கே என்று பார்ப்பதுதான் இரண்டிலும் விஷயம்.

முதலில் அடிப்படை. நம் உடம்பிலும் தலையிலும் தானாகச் சுரக்கிற எண்ணெய் இருக்கிறது. அழுக்கு அதில் போய் ஒட்டிக்கொள்கிறது. வெறும் தண்ணீர் ஊற்றினால் உருண்டு ஓடிவிடும். எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஜென்மப் பகை. நடுவில் ஒரு தரகர் வேண்டும். ஒரு கையால் எண்ணெயைப் பிடித்து, இன்னொரு கையால் தண்ணீரைப் பிடித்து, இரண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிற தரகர். சோப்பு, ஷாம்பு, சீயக்காய் மூன்றிலும் இருப்பது இப்படிப்பட்ட தரகர்கள்தான்.

சீயக்காயில் இருக்கிற தரகருக்கு சப்போனின் என்று பெயர். பூந்திக்கொட்டையிலும் அவரே. கொங்குப் பக்கத்தில் தலைக்குத் தேய்க்கிற அரப்புத் தூளிலும் அவரே. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து, வடித்த கஞ்சியில் சீயக்காயைக் கரைத்துத் தலைக்குக் குளித்த தலைமுறை இதன் பெயரைக் கேட்டதே இல்லை. ஆனால் வேலை நடந்தது. உடம்புக்குக் கடலை மாவு அல்லது பயத்தமாவு. இது எண்ணெயை உறிஞ்சி எடுத்துக்கொண்டு வந்துவிடும். தலைக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று என்ற பிரிவினை நம் ஊரில் அப்போதே இருந்திருக்கிறது, கவனித்தீர்களா? இன்னொன்று. சீயக்காய்க் கரைசல் லேசான அமிலம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மத்தியதரைக் கடல் ஓரத்தில் வேறு வழி பிடித்தார்கள். எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சினால் கட்டியாக ஒரு சமாசாரம் வருகிறது, அது நன்றாக அழுக்கை எடுக்கிறது என்று கண்டுகொண்டார்கள். அதுதான் சோப்பு. சிரியாவில் அலெப்போ நகரத்துக்காரர்கள் ஆலிவ் எண்ணெயையும் லாரல் எண்ணெயையும் கலந்து காய்ச்சினார்கள். பிரான்ஸில் மார்செய் நகரம் ஆலிவ் எண்ணெய் சோப்புக்குப் பேர் போனது. பேர் வந்தால் கூடவே கலப்படமும் வருமே? விலை மலிவான கொழுப்பைக் கலந்து 'மார்செய் சோப்பு' என்று விற்க ஆரம்பித்தார்கள். 1688-ல் பதினான்காம் லூயி மன்னரின் ஆணை வந்தது. மார்செய் சோப்பு என்றால் சுத்தமான ஆலிவ் எண்ணெய்தான். வேறு கொழுப்பைக் கலந்தால் சரக்கு பறிமுதல். சோப்புக்குள் என்ன இருக்கிறது என்பது ராஜாங்க விஷயம் ஆகிவிட்டது.

அடுத்த பிரச்னை காரம். கடலோரச் செடிகளை எரித்து, அந்தச் சாம்பலில் இருந்துதான் சோடா எடுத்தார்கள். பிரான்ஸுக்கு அது ஸ்பெயினிலிருந்து வரவேண்டும். சண்டை வந்தால் வராது. சாதாரண உப்பிலிருந்து சோடா செய்ய வழி கண்டுபிடிப்பவருக்கு 2,400 லிவர் பரிசு என்று பிரெஞ்சு அறிவியல் அகாடமி அறிவித்தது. நிக்கோலா லெப்ளாங்க் என்கிற டாக்டர் கண்டுபிடித்தார். 1791-ல் காப்புரிமையும் வாங்கினார். முதலாளி ஆர்லியன்ஸ் கோமகன் பணம் போட, தொழிற்சாலையும் ஆரம்பமானது.

நேரம் சரியில்லை. பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1793-ல் கோமகனின் தலை கில்லட்டினில் உருண்டது. தொழிற்சாலையைப் புரட்சி அரசு எடுத்துக்கொண்டது. செய்முறை ரகசியத்தையும் நாட்டு நலனுக்கு என்று ஊருக்கெல்லாம் அச்சிட்டுக் கொடுத்துவிட்டது. பரிசுப் பணம் கடைசிவரை கைக்கு வரவில்லை. பின்னால் நெப்போலியன் தொழிற்சாலையைத் திருப்பிக் கொடுத்தார். நடத்த முதல் வேண்டுமே? 1806-ல் லெப்ளாங்க் தற்கொலை செய்துகொண்டார். உலகத்துக்கே சோப்பை மலிவாக்கிய மனிதரின் கணக்கு நஷ்டத்தில் முடிந்தது.

அவர் போன பிறகு, செவ்ரல் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் கொழுப்பைப் பிரித்துப் பார்த்தார். 102 வயது வரை வாழ்ந்த மனுஷர். எண்ணெய்க்கு எண்ணெய் உள்ளே இருக்கிற கொழுப்பு அமிலங்கள் வேறு வேறு என்று அவருடைய ஆராய்ச்சியில் தெரிந்தது. சோப்பு விஷயத்தில் இது முக்கியமான திருப்பம். அதுவரை கைப்பக்குவமாக இருந்தது, கணக்காக மாறியது. தேங்காய் எண்ணெய் சோப்பு நுரையை அள்ளிக் கொட்டும். ஆனால் தோலை வறட்டும். ஆலிவ் எண்ணெய் மென்மை. ஆனால் நுரை கஞ்சத்தனம். மாட்டுக் கொழுப்பும் பாமாயிலும் கட்டியைக் கெட்டியாக்கும், சீக்கிரம் கரைய விடாது. இவற்றை எந்த விகிதத்தில் கலப்பது என்பதுதான் சோப்புத் தொழில். கெட்டியான கொழுப்பு 80 பங்கு, தேங்காய் எண்ணெய் வகை 20 பங்கு என்பது குளியல் சோப்பில் வெகுகாலமாகப் புழங்குகிற கணக்கு. மேலே சொன்ன பாமேட் என்பது பாமாயிலிலிருந்து வந்தது. பாம் கெர்னலேட் என்பது அதே பனையின் கொட்டைப் பருப்பிலிருந்து எடுத்த எண்ணெய். தேங்காய் எண்ணெய்க்குச் சித்தப்பா மகன்.

இங்கிலாந்தில் சோப்புக்கு வரி இருந்தது. 1853-ல் கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தபோது அதை எடுத்துவிட்டார். விலை இறங்கியது, விற்பனை ஏறியது. 1880-களில் வில்லியம் லீவர் என்ற மளிகை வியாபாரியின் மகன், அதுவரை பெரிய பாளமாக வந்து கடையில் வெட்டி எடை போட்டு விற்கப்பட்ட சோப்பைத் துண்டாக்கி, உறை போட்டு, 'சன்லைட்' என்று பெயர் அச்சிட்டு விற்றார். சோப்புக்கு அட்டை முகம் வந்தது. 1888-ல் அது கல்கத்தா துறைமுகத்தில் வந்து இறங்கியது. 1895-ல் 'லைஃப்பாய்' வந்தது. உள்ளே கார்பாலிக் அமிலம். அந்த ஆஸ்பத்திரி வாசனைதான் அதன் அடையாளம்.

பெயர் ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று என்பதற்கு லைஃப்பாயே நல்ல உதாரணம். 2002-ல் இந்தியாவில் கார்பாலிக்கை எடுத்துவிட்டு, வாசனையை மாற்றி, புது சோப்பாகவே கொண்டுவந்தார்கள். சிவப்பு அதே சிவப்பு. பெயர் அதே பெயர். சோப்பு மட்டும் வேறு.

உள்ளே எந்தக் கொழுப்பு என்பது நம் நாட்டில் வெறும் கெமிஸ்ட்ரி சமாசாரம் இல்லை. மாட்டுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா என்ற கேள்விக்கு 1857-லிருந்து ஒரு சரித்திரம் இருக்கிறது. முதல் உலகப் போர் முடிகிற சமயத்தில் பம்பாயில் கோத்ரெஜ் தாவர எண்ணெய் சோப்பைக் கொண்டுவந்தபோது, மிருகக் கொழுப்பு இல்லை என்பதே பெரிய விளம்பரம். 1983-ல் வனஸ்பதியில் மாட்டுக் கொழுப்புக் கலப்படம் வெளிப்பட்டு நாடே கொந்தளித்தது. கொழுப்பு இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. சோப்புக் கம்பெனிகளும் தாவர எண்ணெய்ப் பக்கம் முழுசாகத் திரும்பவேண்டியதாயிற்று.

இதுவரை உடம்பின் கதை. இனி தலைக்கு வருவோம்.

'ஷாம்பு' என்ற வார்த்தையே நம் நாட்டுச் சரக்கு. வடக்கே தலையைப் பிடித்துவிடுவதைச் 'சம்பி' என்பார்களே, அதன் உறவுக்காரன்தான். பாட்னாவில் 1759-ல் பிறந்த ஷேக் தீன் முகம்மது இங்கிலாந்து போய், பிரைட்டன் கடற்கரையில் நீராவிக் குளியல் நிலையம் வைத்தார். மசாஜ்தான் அவர் வியாபாரம். பெயர் 'ஷாம்பூயிங்'. இரண்டு பிரிட்டிஷ் மன்னர்களுக்கு ஷாம்பு வைத்தியராக நியமனமே வாங்கினார். அவர் காலத்துக்குப் பிறகுதான், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அந்த வார்த்தை உடம்பு பிடிப்பதை விட்டுவிட்டுத் தலை அலசுவதற்குக் குடிபெயர்ந்தது.

அலசியது எதை வைத்து? சோப்பை வைத்துத்தான். அங்கேதான் சிக்கல். கிணற்று நீர், போர் தண்ணீர் போன்ற உப்புத் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் அதிகம். சோப்பு அவற்றோடு சேர்ந்து பிசுபிசுப்பான வெள்ளைப் படிவமாகிவிடும். பக்கெட் ஓரத்தில் வளையமாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். உடம்பென்றால் துண்டால் துடைத்துவிடலாம். தலைமுடியில் ஒவ்வொரு இழையிலும் ஒட்டினால்? பளபளப்பு போய், சிக்கு விழுந்து, சணல் மாதிரி ஆகிவிடும். ஐரோப்பியப் பெண்கள் சோப்புப் போட்டபின் வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ தலையை அலசினார்கள். 1903-ல் பெர்லினில் ஹான்ஸ் ஷ்வார்ட்ஸ்காப்ஃப் என்ற மருந்துக்கடைக்காரர், தண்ணீரில் கரைக்கிற ஷாம்பு பவுடரைச் சின்னக் காகிதப் பொட்டலத்தில் 20 ஃபெனிக்குக்கு விற்றார். சக்கைப்போடு போட்டது. ஆனாலும் சோப்பின் குணம் அதை விட்டுப் போகவில்லை.

விடுதலை போர்க்களத்திலிருந்து வந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மனியைக் கடல் வழியே முற்றுகையிட்டார்கள். கொழுப்புக்குப் பஞ்சம். தின்பதற்கே இல்லாதபோது சோப்புக்கு எங்கே போவது? கொழுப்பு இல்லாமல் அழுக்கெடுக்கும் ரசாயனத்தைத் தேட ஆரம்பித்தார்கள் ஜெர்மன் விஞ்ஞானிகள். போர் முடிந்த பிறகும் ஆராய்ச்சி தொடர்ந்தது. துணி ஆலைகளில் அந்தப் பொருள்கள் புழங்கின. 1931-ல் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க வந்த ராபர்ட் டங்கன் என்ற என்ஜினீயர் மூக்கில் இது வேர்த்தது. அவர் அமெரிக்காவின் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனிக்காரர். மாதிரிகளை ஊருக்கு அனுப்பினார். உரிமம் வாங்கப்பட்டது. 1933-ல் 'ட்ரெஃப்ட்' என்ற துணி பவுடர். 1934-ல் 'ட்ரீன்' என்ற ஷாம்பு. சோப்பே இல்லாத ஷாம்பு!

இந்தப் புதிய தரகரின் பெயர் லாரில் சல்ஃபேட். உப்புத் தண்ணீரிலும் திரியாது. படியாது. அலசினால் போய்விடும். அந்த நாளில்தான் தலை, சோப்புக் குடும்பத்திலிருந்து அதிகாரபூர்வமாகத் தனிக்குடித்தனம் போனது.

வேடிக்கை என்ன தெரியுமா? 'லாரில்' பெரும்பாலும் தேங்காய் எண்ணெயிலிருந்தோ பனைக்கொட்டைப் பருப்பு எண்ணெயிலிருந்தோ வருகிறது. தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம்தான். ராத்திரி தேங்காய் எண்ணெயைத் தலையில் தேய்த்துக்கொள்கிறோம். காலையில் தேங்காய் எண்ணெயின் பேரனை வைத்தே அதைக் கழுவி விடுகிறோம். முள்ளை முள்ளால் எடுப்பது என்பது இதுதான் போல.

சீயக்காய் லேசான அமிலம் என்று சொன்னேன் அல்லவா? அதற்கு வருகிறேன். 1928-ல் ஷாடே, மார்க்கியோனினி என்ற இரண்டு ஜெர்மன் டாக்டர்கள், நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உள்ளது, அது ஒரு கவசம் மாதிரி என்று எழுதினார்கள். பி.எச். அளவில் தோல் சுமார் 5. அசல் சோப்பு 9, 10. எத்தனை உயர்ந்த சோப்பானாலும் இதில் தப்பிக்க முடியாது. காரமாக இருப்பது சோப்பின் பிறவிக் குணம். ஆரோக்கியமான தோல் கொஞ்ச நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வறண்ட தோல், கரப்பான் உள்ள தோல், பச்சைக் குழந்தையின் தோல் எல்லாம் சிரமப்படும். 1957-ல் அமெரிக்காவில் வந்த 'டவ்' கட்டி இதற்குத்தான் வழி சொன்னது. பார்க்க சோப்பு மாதிரி இருக்கும், உள்ளே முக்கிய ஆசாமி சோடியம் கோகாய்ல் ஐசெத்தியோனேட். செயற்கைத் தரகர்களில் சாதுவானவர். ஷாம்பு வழியாகத் தலைக்கு வந்த குடும்பம், இப்படிச் சுற்றிக்கொண்டு உடம்புக்கும் வந்து சேர்ந்தது. பாடி வாஷ், ஃபேஸ் வாஷ் எல்லாம் அதன் பிறகு பெருகியவை.

இதுவரை அழுக்கெடுக்கிற சரக்கைப் பார்த்தோம். அதன் கூடவே சேர்க்கிற சில்லறைச் சரக்குகள் இருக்கின்றன. விபரீதம் அங்கிருந்துதான் வந்தது.

கிருமியைக் கொல்லும் என்று சொன்னால் சோப்பு விற்கும். கார்பாலிக் காலத்திலிருந்தே இது வியாபார பாலபாடம். 1940-களில் ஹெக்ஸாக்ளோரோஃபீன் என்ற பொருள் வந்தது. வாசனை கிடையாது, கிருமியைக் கொல்லும். 1948-ல் அமெரிக்காவில் 'டயல்' சோப்பு இதை வைத்தே புகழ் பெற்றது. பிரசவ ஆஸ்பத்திரிகளில் பிறந்த குழந்தைகளையே இது கலந்த திரவத்தில் குளிப்பாட்டினார்கள். பல வருஷம் கழித்து, இது தோல் வழியாக ரத்தத்தில் இறங்குகிறது, மிருகங்களின் மூளையைச் சேதப்படுத்துகிறது என்று தெரியவந்தது. 1971 டிசம்பரில் அமெரிக்க எஃப்.டி.ஏ., குழந்தைகளை இதில் முழுசாகக் குளிப்பாட்டாதீர்கள் என்று எச்சரித்தது.

அடுத்த வருஷமே பிரான்ஸில் அது நடந்தது. குழந்தைகளுக்குப் போடுகிற 'மொராஞ்' என்ற டால்கம் பவுடர். தயாரிப்பில் நடந்த தவறால் ஒரு தொகுதியில் ஹெக்ஸாக்ளோரோஃபீன் கலந்துவிட்டது. ஆறு சதவிகிதத்துக்கு மேல். 200 குழந்தைகளுக்கு மேல் பாதிப்பு. 36 குழந்தைகள் இறந்தன. தோல் புண்ணாகி, வலிப்பு வந்து குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டே இருக்க, என்ன காரணம் என்று டாக்டர்களுக்கு மாதக்கணக்கில் பிடிபடவில்லை. புண்ணான தோலுக்கு இதமாக இருக்கட்டும் என்று, அதே பவுடரை இன்னும் கொஞ்சம் போட்ட தாய்மார்களை நினைத்துப் பாருங்கள்.

1972 செப்டம்பரில் அமெரிக்கா ஹெக்ஸாக்ளோரோஃபீனை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்றது. 1975-ல் பிரான்ஸ் அழகுசாதனப் பொருள்களுக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்த வருஷம் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து பொது விதி போட்டன. உள்ளே என்ன இருக்கிறது என்பதை அரசாங்கத்துக்கும் விஷமுறிவு மையங்களுக்கும் தெரிவிக்கவேண்டும் என்ற எண்ணம் இப்படித்தான் பலப்பட்டது. ஒன்றைச் சொல்லியாகவேண்டும். டப்பாவில் பட்டியல் அச்சிட்டிருந்தாலும் மொராஞ் விபத்து தடுக்கப்பட்டிருக்காது. தவறிப்போய்க் கலந்ததை யார் அச்சிடுவார்கள்? பட்டியலும் வேண்டும். பட்டியலில் இருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்று சோதிக்க ஆளும் வேண்டும்.

கிருமிநாசினி மோகம் அத்தோடு ஓயவில்லை. ட்ரைக்ளோசான், ட்ரைக்ளோகார்பான் என்று அடுத்த தலைமுறை வந்தது. சாதாரண சோப்பையும் தண்ணீரையும்விட இவை கூடுதலாக என்ன கிழித்தன என்று எஃப்.டி.ஏ. ஆதாரம் கேட்டது. கம்பெனிகளால் காட்ட முடியவில்லை. 2016-ல் இந்த இரண்டையும் சேர்த்து 19 பொருள்களை வீட்டு சோப்புகளில் தடை செய்தது. பொடுகு ஷாம்புவில் 1960-களிலிருந்து புழங்கிய சிங்க் பைரிதியோனை 2022 மார்ச்சில் ஐரோப்பிய யூனியன் அழகுசாதனங்களில் தடை செய்தது. மற்ற பல நாடுகளில் அது விற்பனையில் இருக்கிறது. ஒரே பிராண்ட், ஊருக்கு ஊர் உள்ளே வேறு வேறு!

பயமுறுத்துவதற்காக இதையெல்லாம் சொல்லவில்லை. வீண் பயமும் உண்டு. 1990-களின் கடைசியில், லாரில் சல்ஃபேட் புற்றுநோய் தரும் என்று ஒரு இ-மெயில் உலகம் பூராவும் சுற்றியது. அதற்கு ஆதாரம் இல்லை. லாரில் சல்ஃபேட் தோலை எரிச்சலூட்டும் என்பது நிஜம். தோல் டாக்டர்கள் எரிச்சல் சோதனைக்கே அதைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். அதைக் கொஞ்சம் சாந்தப்படுத்திய வடிவம்தான் நாம் முதலில் பார்த்த 'லாரத்'. கூடவே வரும் பீட்டெய்ன் அதை இன்னும் அடக்கி வைக்கும். உப்பு, திரவத்தைக் கெட்டியாக்கும். ஷாம்புவில் மட்டும் கூடுதலாக சிலிக்கோன், பாலிகுவாட்டர்னியம் மாதிரி முடியில் படிந்து வழவழப்பாக்கும் சரக்கு இருக்கும். தலைக்கும் உடம்புக்கும் நாம் கொடுக்கிற விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி இதற்கும், வாசனைக்கும், நடிகைக்கும்தான்.

சரி, நம் நாட்டில் டப்பாவை எப்படிப் படிப்பது?

சோப்புக் கட்டியில் டி.எஃப்.எம். என்று ஒரு எண் இருக்கும். மொத்தக் கொழுப்புப் பொருள் எத்தனை சதவிகிதம் என்ற கணக்கு. 2004-ன் இந்தியத் தர விதி, குளியல் சோப்பை மூன்று தரமாகப் பிரித்தது. 76-க்குக் குறையாமல் இருந்தால் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். 'பாத்திங் பார்' என்று பெயர் போட்டால் அது வேறு விதி, 40 இருந்தால் போதும். மிச்சம்? தண்ணீர், டால்க், மாவு மாதிரி நிரப்புப் பொருள்கள். 100 கிராம் கட்டி ஒரே விலையில் இரண்டு இருக்கிறது, ஒன்றில் 76, இன்னொன்றில் 60 என்றால், இரண்டாவதில் 16 கிராம் கொழுப்பு குறைவு. சீக்கிரம் கரைந்து மாதக் கடைசிக்கு முன்பே இன்னொன்று வாங்க வைக்கும். ஆனால் டி.எஃப்.எம். அதிகம் என்பதால் மென்மை என்று அர்த்தம் இல்லை. 76 இருந்தாலும் சோப்பு காரம்தான். செயற்கைத் தரகர் கட்டிகளை இந்த எண்ணால் அளக்கவும் முடியாது.

ஷாம்பு பாட்டில் பட்டியலில் ஒரு சூட்சுமம். 2020-ன் அழகுசாதன விதிகள்படி, ஒரு சதவிகிதத்துக்கு மேல் இருப்பவற்றை அதிகம் உள்ளதிலிருந்து வரிசையாகப் போடவேண்டும். ஒரு சதவிகிதமும் அதற்குக் கீழும் இருப்பவற்றை எந்த வரிசையிலும் போட்டுக்கொள்ளலாம். முன்பக்கத்தில் பெரிதாகப் படம் போட்ட செம்பருத்தியோ பாதாமோ, வாசனைப் பொருளுக்கும் கெட்டுப்போகாமல் காக்கும் பொருளுக்கும் பின்னால் நிற்கிறதா பாருங்கள். அப்படியென்றால் அது அநேகமாகச் சில்லறைக் கணக்கு.

இப்போது கடலூருக்கு வருகிறேன். அங்கே சின்னி கிருஷ்ணன் என்ற தொழில்முனைவர், பணக்காரர்கள் பயன்படுத்துவதைக் கூலிக்காரரும் ரிக்‌ஷாக்காரரும் பயன்படுத்த முடியவேண்டும் என்று ஆசைப்பட்டார். பாட்டில் வாங்க முடியாதவருக்கு ஒரு வேளைக் குளியலுக்கான ஷாம்புவைப் பிளாஸ்டிக் பாக்கெட்டில் அடைத்தார். 'வெல்வெட்' பாக்கெட் பிறந்தது. அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலோடு தனியாக வந்து 'சிக்' ஷாம்புவை ஆரம்பித்தார். காலி பாக்கெட் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று கிராமம் கிராமமாகப் பரப்பினார். ஒரு கட்டத்தில் விலை 50 பைசா. பெட்டிக்கடை வாசலில் மாலையாகத் தொங்கும் பாக்கெட்டுகள் இந்த ஊர்க் கண்டுபிடிப்பின் வாரிசுகள். பன்னாட்டுக் கம்பெனிகளே பின்னால் ஓடிவந்து காப்பியடித்த யோசனை. சீயக்காய் அரைக்க நேரமில்லாத எத்தனையோ வீடுகளுக்கு அது நிஜமான உபகாரம்.

அந்த 2020 விதியிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. திரவம் 60 மில்லிக்குக் குறைவாகவும் கட்டி, களிம்பு 30 கிராமுக்குக் குறைவாகவும் இருக்கும் பாக்கெட்டுகளில் உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலை அச்சிடவேண்டிய அவசியம் இல்லை. சில மில்லி பாக்கெட்டுக்கு எந்தக் கணக்கிலும் விலக்கு உண்டு. சில கம்பெனிகள் தாமாகவே அச்சிடுகின்றன. அச்சிடாவிட்டால் கேட்பதற்குச் சட்டம் இல்லை.

பாட்டில் வாங்குகிறவர் யார்? மாதச் சம்பளக்காரர். அரிப்பு வந்தால் தோல் டாக்டரிடம் போய், 'இதைத்தான் போட்டேன் டாக்டர்' என்று டப்பாவை நீட்டக்கூடியவர். அவருக்குப் பட்டியல் உண்டு. அன்றாடக் கூலியில் தினம் ஒரு பாக்கெட் கிழிக்கிற அம்மாவுக்குப் பட்டியல் கட்டாயம் இல்லை. அவர் கையில் டாக்டரிடம் காட்ட ஒரு நிறமும் ஒரு நடிகை படமும்தான் இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்புவுக்கும் சோப்புக் கட்டிக்கும் ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவிகிதமாக இறங்கியது. கிளாட்ஸ்டன் செய்ததை நாமும் ஓரளவு செய்துவிட்டோம். விலைக் கணக்கு பைசா சுத்தமாகப் பேசப்பட்டது. சரக்குக் கணக்கு?

இடம் போதாது என்பார்கள். அச்சிடுகிற கம்பெனிகளுக்கு மட்டும் எப்படி இடம் போதுகிறது? அந்த அறுபது மில்லி விலக்கை அடுத்த திருத்தத்தில் எடுத்துவிடலாம். அதுவரை பாக்கெட் வாங்குகிறவர்களுக்கு ஒரே வழிதான். அச்சிட்டிருக்கிற பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரரிடம், 'உள்ளே என்ன இருக்குன்னு போட்டிருக்கிற பாக்கெட் குடுங்கண்ணே' என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அவர் ஏஜென்ட்டிடம் சொல்வார். ஏஜென்ட் கம்பெனியிடம் சொல்வார். சட்டம் போகாத தூரத்துக்குக்கூட வியாபாரம் போய்ச் சேர்ந்துவிடும்.